வலப்பக்கம் டிரம்ஸ்

டிரம்ஸை எனக்கு வலப்பக்கம் போட்டுவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை, இடப்பக்கம்தான், என் இடது தோளுக்கு நேராக உதுமான் பாயின் ஹை-ஹாட், அந்த ஜோடித் தட்டுகள் த்ஸ் த்ஸ் என்று மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் வாசிப்பேன். இன்றைக்கு மேடை நடுவில் மணமக்களுக்குச் சிம்மாசனம் மாதிரி ஒரு சோபா, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ வளைவு, வளைவுக்கு முன்னால் வீடியோக்காரரின் விளக்குக் கால்கள். மிச்சமிருந்த மூலையில், மண்டப மேனேஜர் கையை வீசிக் காட்டிய இடத்தில், உதுமான் பாய் பலகையைப் போட்டு டிரம்ஸைப் பூட்டிவிட்டார். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். அந்த ஆள் நான். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மாற்றச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது. என் வலக்காது செத்துப்போய்விட்டது என்றா. செத்து நாலைந்து மாதம் ஆகிறது, உங்கள் யாரிடமும் சொல்லவில்லை, ஒருக்களித்து நின்று இடக்காதைக் கொடுத்து இதுவரை ஒப்பேற்றிவிட்டேன் என்றா. போன மாதம் திருவெறும்பூர் கல்யாணத்தில் தமயந்தி அக்கா கேட்டார், "என்ன இன்னாசி, இப்பல்லாம் ஸ்டைலா சாஞ்சு சாஞ்சு நிக்கிற?" அக்காதான் எங்கள் மெல்லிசைக் குழுவுக்குத் தலைவி, அவர்தான் பாட்டு. நான் பதிலுக்குச் சிரித்தேன். சிரித்தால் பெரும்பாலும் போதும். காது சரியாகக் கேட்காதவர்கள் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறேன். இன்றைக்குச் சாய்ந்தும் பயனில்லை. இடக்காதுக்குச் சுவர். டிரம்ஸ் பக்கம் இடக்காது வர வேண்டுமென்றால் சபைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும், கல்யாண வீட்டில் முதுகைக் காட்டி வாசிக்க முடியுமா, பெண்ணின் தாய்மாமன் மேடையேறி வந்து கேட்பார்.

கொஞ்சம் முன்னால் சத்தம் சரிபார்த்தபோதே தெரிந்துவிட்டது. உதுமான் பாய் குச்சியால் நாலு தட்டிக் காட்டினார், நான் உள்ளே போனேன், போன கணமே தெரிந்தது தாமதம் என்று, படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பது போல. அக்கா திரும்பிப் பார்த்தார். அக்கா பாடும்போது திரும்பவே மாட்டார், யாராவது தப்பு செய்தால் மட்டும்தான் அந்தத் தலை திரும்பும், அதுவும் கோபமாக இல்லை, யாரோ கதவைத் தட்டினார்களா என்று பார்ப்பது போல. பெரிய டிரம்மின் தும் எனக்குக் கேட்காமலில்லை, கனத்த சத்தம் தலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த காதுக்கு வந்துவிடும், வராதது ஹை-ஹாட்தான். மெல்லிய சத்தங்களுக்கு மூலை திரும்பத் தெரியாது. எங்கிருந்து வருகிறது என்பதும் போய்விட்டது. எல்லாம் ஒரே குவியல், ஒரு பைக்குள் காய்கறியும் சோப்பும் சாவிக்கொத்தும் சேர்த்துப் போட்டது போல. அப்புறம் அந்த ரீங்காரம். செத்த காது சும்மா செத்திருந்தால் பரவாயில்லை, உள்ளே யாரோ குக்கரை மறந்துவிட்டுப் போன மாதிரி ஒரு சத்தம், நாள் முழுக்க. ராத்திரி படுக்கையில் அது என்ன சுருதி என்று கிட்டாரை எடுத்து ஒத்துப் பார்த்தேன். எதிலும் நிற்கவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில், எந்தப் பாட்டுக்கும் சேராத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு காலைப் பொழுது, அவ்வளவுதான். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது, வலக்காதில் வைத்தேன், யாரும் பேசவில்லை. போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான சார் கேக்குது" என்றார். அப்போதும் புரியவில்லை. அழுக்கு என்று நினைத்தேன், சூடாக எண்ணெய் விட்டேன், என் மனைவி ஜெசிந்தாதான் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். காதுக்குள் ஊசி போட்டார்கள், மாத்திரை தந்தார்கள், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கீச் கீச்சென்று ஏதேதோ கேட்கவைத்தார்கள். கடைசியில் டாக்டர் எழுந்து என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னார். அவர் எழுந்து வந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "இது திரும்ப வராதுங்க. இன்னொண்ணைப் பத்திரமா வச்சுக்கங்க." வாசிக்கலாமா என்றேன். "வாசிக்கலாம். ஸ்பீக்கருக்கு நேரா நிக்காதீங்க, காது அடைப்பான் கட்டாயம் போட்டுக்கங்க." அந்த அடைப்பான் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இதுவரை மேடையில் போட்டதில்லை. போட்டால் பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள். நான் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியில் ஒன்றும் பெரிய சிரமமில்லை, நகைக்கடன் கவுண்டரில் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன், முடிந்தது. மேடையில் நாற்காலி இல்லை. பயம் வலக்காதைப் பற்றி அல்ல, அது போனது போய்விட்டது. இதுவும் போனால். தினமும் காலையில் கண் திறந்ததும் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் இடக்காதுக்குப் பக்கத்தில் வைத்து உரசிப் பார்க்கிறேன். உரசல் கேட்கும். இன்றைக்கும் இருக்கிறது. ஜெசிந்தா தூங்குவது போல் படுத்துக்கொண்டு அதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே இன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அக்காவிடம் சொல்லிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். அக்கா, வேற ஆளைப் பாத்துக்கங்க. இல்லை, அது முறைப்பாக இருக்கிறது. அக்கா, பேங்குல வேலை ஜாஸ்தி. பொய். அக்கா, கொஞ்ச நாள் நான் வரலை. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்பார். வேறு ஆள்கூடத் தேவைப்படாது, அதுதான் உறுத்துகிறது, கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸை வாசித்துவிடுவார், இப்போதெல்லாம் பாதிக் குழுக்களில் அப்படித்தான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யாருக்குத் தெரிந்தது எப்போது. கல்யாண வீடியோக்களில் நான் ஒரு முழங்கை, இல்லாவிட்டால் அக்காவின் புடவைத் தலைப்புக்குப் பின்னால் ஒரு ஷூ. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர், நீங்க என்ன வாசிச்சீங்க என்பார், பேஸ் கிட்டார் என்றால், ஓ கிட்டாரா என்று சொல்லிவிட்டு லீட் கிட்டார் வாசித்தவரின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பிப்பார். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த என்னை இங்கே கூட்டி வந்தபோது, பேஸ்காரர் துபாய் போய்விட்டார், நாலு கம்பிதானே, வாசிச்சிருவ என்றார்கள். நாலு கம்பிதான். கல்யாணமான புதிதில் ஜெசிந்தா கோயில் திருவிழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எல்லாரும் நல்லா வாசிச்சீங்க. உங்க சத்தம் எது?" என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள், அவள் கணக்கு டீச்சர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். அடுத்த முறை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், மூணாவது பாட்டுல சரணம் வந்ததும் ஒரு வரி நான் வாசிக்காம நிறுத்துறேன், கவனி. நிறுத்தினேன். அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் முதுகைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா சொன்னாள், "ஐயோ, யாரோ தரையை உருவிட்ட மாதிரி இருந்துச்சுங்க." நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான், இப்போதும் அதை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டுகிறேன்.

கீழே நாற்காலிகள் நிரம்புகின்றன, பன்னீர் வாசனை, குழந்தைகள் மேடைப் படியில் ஏறி இறங்குகின்றன, யாரோ மைக்கில் ஹலோ ஹலோ என்கிறார், அது எந்தப் பக்கத்திலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. இதில் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை, ஜெசிந்தாவிடம்கூட. போன வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்றைக்கு வாசிக்கப் போகும் பழைய டூயட்டைப் போட்டேன். பாதிப் பாட்டுதான் வந்தது. வயலின்கள் இல்லை, பாடகி எங்கோ தூரத்தில், டிரம்ஸே இல்லை, அந்தக் காலத்து ஒலிப்பதிவில் சிலதை இந்தக் காதுக்கும் சிலதை அந்தக் காதுக்கும் பிரித்து வைத்திருப்பார்கள், என் செத்த காதுக்குள் அவர்கள் எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வரவில்லை. அழுகை வந்துவிட்டது. கழற்றப் போனேன். அப்போதுதான் கேட்டது, பேஸ் தன்னந்தனியாக, மேலே ஒரு துணி இல்லாமல், ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எப்போதோ உட்கார்ந்து வாசித்த பெயர் தெரியாத அந்த மனிதரின் விரல் கம்பியில் வழுக்குகிற சத்தம் வரைக்கும். இரண்டாவது சரணத்துக்குப் போகும் இடத்தில் அவர் வாசிக்கவே இல்லை. நான் திரும்பப் போட்டேன். திரும்பவும் வாசிக்கவில்லை. அங்கே ஒரு தாளத்தட்டு அளவுக்குக் காலியாக விட்டுவிட்டு, பிறகு கீழிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறார். இத்தனை வருஷமாக நான் அங்கே ஓங்கி ஒரு சுரம் அடித்துவிட்டு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு காதும் இருந்தபோது அந்த இடத்தில் டிரம் விழும், அதைப் பேஸ் என்று நினைத்துவிட்டேன். எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா, எத்தனை கல்லூரி ஆண்டு விழா, அத்தனையிலும் தப்பாக. ஒரு காது போனபிறகுதான் அங்கே மௌனம் இருப்பது கேட்டது. அன்றைக்கு ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டேன், வலப்பக்கத்தை இடக்காதில். வயலின்கள் எல்லாம் வந்தன. ஒரே பாட்டு இரண்டு பாட்டாகியிருந்தது. விடுமுறை நாள், மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, ஜெசிந்தா தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

என் தோளை யாரோ தொடுகிறார்கள். உதுமான் பாய். முன்னமே கூப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது, முகத்தில் அந்தக் களைப்பு இருக்கிறது. அவர் கார் ஏ.சி. மெக்கானிக், பாலக்கரையில் கடை, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரித்தேன். "சிரிக்காதய்யா" என்றார் குனிந்து. "நாலு தடவை கூப்பிட்டேன். காதா?" ஏதாவது சொல்லியிருக்கலாம். பேங்குல வேலை ஜாஸ்தி பாய். தூக்கமில்ல பாய். வாய் தானாக, "ஆமா பாய். வலது சுத்தமா போச்சு" என்றது. அவர் ஒன்றும் பதறவில்லை, ஏதோ வண்டியில் கேஸ் கசிகிறது என்று கேட்டது போல் தலையாட்டினார். "எத்தனை மாசமா நீ ஒரு பக்கமா சாயுற, நான் கழுத்து வலின்னு நினைச்சேன். எனக்கு ரெண்டும் சேந்து ஒண்ணரைக் காதுதான்யா, கம்ப்ரசரும் இந்த டிரம்மும் தின்னது போக மிச்சம். சொல்றதுக்கு என்ன?" "சொன்னா வேண்டாம்னுருவீங்கன்னு." "யாரு, நானா?" என்று கேட்டுவிட்டு அவர் டிரம்ஸைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டு. என் பலகை மேல ஏறி நில்லு." நான் தயங்கினேன். "ஏறுய்யா. அந்தப் பெரிய டிரம் மிதியை மிதிச்சா எனக்கே தொடை வரைக்கும் அதிருது, உனக்கு வராதா?" ஏறினேன். வெறும் பாதத்தின் கீழ் ப்ளைவுட் பலகை, கொஞ்சம் மணல், ஒரு ஆணித் தலை. அவர் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். உள்ளங்காலில் வந்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் வந்தது. சட்டைப் பையிலிருந்து அடைப்பானை எடுத்து இடக்காதில் வைத்தேன். உலகம் நாலு அடி பின்னால் போனது, கால் மட்டும் அங்கேயே நின்றது.

முதலில் வழக்கம்போல் பிள்ளையார் பாட்டு. அது சும்மா நடந்து போகிற பாட்டு, ஆனாலும் விரல் வியர்த்துவிட்டது, ஒவ்வொரு சுற்றுக்கும் இப்போது தவறும் இப்போது தவறும் என்று காத்திருக்கிறேன், தவறவில்லை. அக்காவின் பின்தலை, மல்லிகைச் சரம், திரும்பவில்லை. கால் சொல்கிறது, கை கேட்கிறது, இடையில் நான் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது, இடையில் இருந்துகொண்டு பயப்படுவதற்குத்தான் போலிருக்கிறது. அடுத்தது டூயட். கீபோர்டு ஆரம்பித்தது, பாய் குச்சியைத் தட்டியது கேட்கவில்லை, குச்சி அசைவதைப் பார்த்தேன், மிதி காலில் விழுந்தது, போனேன். மணமகன் மணமகளிடம் ஏதோ சொல்கிறான், அவள் பூவளைவுக்குக் கீழே தலையைக் குனிந்து சிரிக்கிறாள், வரிசையாகப் பரிசுப் பொட்டலங்களோடு ஆட்கள், யாரும் எங்களைப் பார்க்கவில்லை, சரி. முதல் சரணம் போயிற்று. ரீங்காரம் இருக்கிறது, இருக்கட்டும், அதுவும் ஒரு வாத்தியம்தான், சுருதி சேராதவர்களோடு இதற்கு முன் வாசித்ததில்லையா என்ன. இரண்டாவது சரணம் வருகிறது. பழைய மாதிரியே அடித்துவிடலாம், கையே அடித்துவிடும், இத்தனை வருஷத்துப் பழக்கம், அக்காவுக்கு அதுதான் தெரியும், அந்தச் சுரத்தின் மேல்தான் அவர் காலை வைத்துச் சரணத்துக்குள் இறங்குவார். விட்டால் விழுந்துவிடுவாரோ. வேண்டாம். வந்துவிட்டது. விரலைத் தூக்கிவிட்டேன். காலி. அந்தக் காலி எவ்வளவு பெரியது, மண்டபமே அதற்குள் நின்றது, அக்காவின் தலை திரும்பத் தொடங்கியது, காதோரத் தோடு தெரிந்தது, அதற்குள் என் விரல் அடிக் கம்பியில் இறங்கி ஏறத் தொடங்கிவிட்டது, ஒன்று, அடுத்தது, அதற்கும் அடுத்தது, அக்கா முழுதாகத் திரும்பாமல் பாதியிலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு சரணத்தை எடுத்தார். எப்போதும் எடுப்பதைவிட மெதுவாக. கீழே யாரோ, கரண்டிச் சத்தம் கேட்டும் பந்திக்குப் போகாமல் நின்று கேட்டார்கள் என்று சொல்ல ஆசை, அப்படி எதுவும் நடக்கவில்லை. உதுமான் பாய் மட்டும் குச்சியோடு என்னைப் பார்த்து, "என்னய்யா அது?" என்றார். உதட்டிலிருந்து படித்தேன். "அப்படித்தான் பாய்" என்றேன், "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."

பாட்டு முடிந்து கொஞ்சம் கைதட்டல். சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தைத் தேடினேன், அக்கா வேற ஆளை, அக்கா கொஞ்ச நாள், இரண்டுமே இப்போது யாரோ எழுதிக்கொடுத்த வசனம் போல் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா மேடையேறி வந்து அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு வெட்கத்தோடு இறங்கிப் போனார். அக்கா மைக்கில், "மாப்பிள்ளையோட அம்மா அவங்க கல்யாணத்துல வாசிச்ச பாட்டு வேணும்னு கேக்கறாங்க" என்று அறிவித்து, பாட்டின் முதல் வரியைச் சொன்னார். எனக்குத் தெரியாத பாட்டு. எங்கோ பஸ்ஸில் கேட்டிருக்கலாம். நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. அக்கா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, முதலில் கீபோர்டிடம், பிறகு லீடிடம், பிறகு என்னிடம் வந்தார், டிரம்ஸைச் சுற்றி என் வலப்பக்கமாக. வாய் அசைந்தது. சிரிக்கப் போனேன். உதடு பாதி விரிந்தும்விட்டது. "அக்கா, அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார், பலகையில் என் வெறுங்காலைப் பார்த்தார், உதுமான் பாயைப் பார்த்தார், பாய் எனக்கொன்றும் தெரியாது என்பது போல் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒயர்களைத் தாண்டி, ஆம்ப்புக்கு முன்னால் சுற்றி, எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றார். நான் அடைப்பானை எடுத்தேன். "எப்பலேருந்து?" "நாலஞ்சு மாசமா." "ஏன்டா சொல்லலை?" "பயமா இருந்துச்சுக்கா." கீழே மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். "பயந்த ஆளு வாசிக்கிற மாதிரியா இருந்துச்சு அது, சரணத்துக்கு முன்னாடி?" என்றார் அக்கா. "இனிமே அப்படியே வாசி." பிறகு என் காதருகே வந்து, விரலால் என் தோளில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஈ மைனர். மூணு நடை. பல்லவியை ரெண்டு தரம் பாடறேன். மொத தரம் கேளு. ரெண்டாம் தரம் வா." போனார். நான் அடைப்பானைத் திரும்ப வைத்துக்கொண்டேன். பாய் மெல்ல மிதித்தார். அக்கா பாட ஆரம்பித்தார், நான் கையைக் கம்பிமேல் வைத்துக் கேட்டேன், எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே மூச்சு எடுக்கிறார். பாட்டு பாதி புரிந்தது. இரண்டாம் தரம் தொடங்கியது. உள்ளே போனேன்.